குளித்த தண்ணீரும் பூஜைச் செம்பருத்தியும்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் தரை தெரியக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் வாஷிங் மெஷினின் கழிவுக் குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்து வாளிக்குள் விட்டார்கள். சேர்ந்த தண்ணீர் கழிப்பறைக்குப் போனது, மாடிப்படி கழுவப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றப் போனபோதுதான் வீட்டுப் பெரியவர்களின் குரல் எழுந்தது. குரோட்டன்ஸுக்கு ஊற்று, செம்பருத்திக்கு வேண்டாம், அது சுவாமிக்குப் பறிக்கிற பூ. துளசித் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதே.

இதை மூடப்பழக்கம் என்று தள்ளிவிட்டு நேரே தோட்டக்கலைக்குப் போய்விடலாம். அது நியாயமாகாது. ஒருமுறை பயன்பட்ட நீர் தூய்மையை இழக்கிறதா, எதனால் இழக்கிறது, எப்போது திரும்பப் பெறுகிறது என்பது சமயங்கள் பல நூற்றாண்டுகளாக உட்கார்ந்து யோசித்த கேள்வி. பெரியவர்கள் அந்தக் கேள்வியைத்தான் செடித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் குழாயை எப்படித் திருப்பினாலும் அந்த வீட்டில் அது நிலைக்காது.

இங்கே பேசப்படும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1172 ஒரு நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டு அதைப் பிரித்துக் காட்டுகிறது. குளிக்க 55, துணி துவைக்க 20, கழிப்பறைக்கு 30, பாத்திரம் துலக்க 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. குளியலும் துவையலும் மட்டுமே 75 லிட்டர். நாலு பேர் இருக்கும் வீட்டில் தினமும் 300. கழிப்பறை நீரோடு சேராத இந்த நீரைத்தான் பொறியாளர்கள் கிரே வாட்டர் என்கிறார்கள். ஊர்ப்புறத்தில் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டதில்லை. குளித்த தண்ணி, துவைத்த தண்ணி, அவ்வளவுதான்.

பெயர் இல்லாவிட்டாலும் அதற்குப் போக்கிடம் இருந்தது. கிணற்றடியில் துவைக்கிற கல். அங்கிருந்து மண்ணிலேயே வெட்டிய சிறு வாய்க்கால். வாய்க்காலோரம் சேம்பும் கல்வாழையும். அது போய் முடிகிற இடத்தில் வாழை. அரிசி களைந்த நீர் இந்த வழியில்கூடப் போகாது, கழுநீர்ப் பானையில் சேர்ந்து மாட்டுக்குப் போகும். மடி, விழுப்பு, பத்து, எச்சில் என்று நாளின் ஒவ்வொரு அசைவுக்கும் விதி வைத்திருந்த வீடுகளிலும் இதே கொல்லைதான், இதே வாழைதான். அந்த வாழையின் இலையில்தான் திவசச் சோறு விழுந்தது. அதன் தாறு சுவாமிக்கு நைவேத்தியமானது. அதன் நாரில் பூத்தொடுத்தார்கள். குளித்த தண்ணீர் குடித்து வளர்ந்த மரம் என்று அந்த இலையை யாரும் தள்ளவில்லை.

ஆக, வழக்கத்துக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. உடம்பிலிருந்து இறங்கிய நீரை அப்படியே அள்ளி யாரும் பூஜைக்கு வைக்க மாட்டார்கள். அதே நீர் மண்ணுக்குள் இறங்கி, வேர் வழியே மரத்துக்குள் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது. வாழைக்கு ஒத்துக்கொண்டதைச் செம்பருத்திக்கு மறுக்க அந்த வழக்கத்தில் இடமில்லை. மறுப்பு இப்போது எழுவதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது: நகரத்து வீட்டில் மண் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. தண்ணீர் மண்ணில் இறங்கி மரமாவதைத் தினமும் பார்த்தவர்களுக்கு இருந்த தெளிவு, அது குளியலறை ஓட்டையில் மறைவதை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இல்லை.

எழுதி வைத்த விதிகளும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. தரையில் சேர்ந்த நீர் எப்போது தூய்மையானது என்று மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. ஒரு பசுவின் தாகம் தீரும் அளவாவது இருக்க வேண்டும்; மணம், நிறம், சுவை கெட்டிருக்கக் கூடாது; அசுத்தம் கலந்திருக்கக் கூடாது. மனிதரைத் தீட்டின் பெயரால் மேலும் கீழுமாக அடுக்கிய நூல் அது. அந்த அடுக்கை ஏற்க முடியாது. ஆனால் அந்த நூலும் நீர் என்று வரும்போது கண்ணையும் மூக்கையும் நாக்கையும்தான் சாட்சிக்கு அழைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இஸ்லாமியச் சட்ட நூல்களும் அதே மூன்று சாட்சிகளைத்தான் அழைக்கின்றன: நிறம், சுவை, வாடை. கூடவே ஒரு கொள்ளளவும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) அது இரண்டு குல்லா, ஏறத்தாழ 200 லிட்டர். அதற்குக் குறைவான நீரில் நஜீஸ், அதாவது அசுத்தம், விழுந்தால் நீர் கெட்டது. அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால், மூன்று குணங்களில் ஒன்று மாறினால்தான் கெட்டது.

இதைவிட நுட்பமானது, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவைச் செய்து வடிந்த நீரைப் பற்றி அந்தச் சட்ட அறிஞர்கள் எடுத்த முடிவு. அந்த நீருக்கு முஸ்தஃமல் என்று தனிப்பெயரே உண்டு. பயன்படுத்தப்பட்டது என்று பொருள். ஷாஃபி மத்ஹபின்படி அது சுத்தமான நீர்தான். உடையில் பட்டால் கழுவ வேண்டியதில்லை. ஆனால் அதைக் கொண்டு இன்னொரு உளூச் செய்ய முடியாது. தான் சுத்தம், பிறிதைச் சுத்தமாக்கும் தகுதி மட்டும் இல்லை. மாலிக்கி மத்ஹப், விரும்பத்தக்கதல்ல என்றாலும் அதைக் கொண்டே மறுபடி உளூச் செய்யலாம் என்கிறது. ஹனஃபிகளிடையே அது நஜீஸ் என்ற கடுமையான கருத்து இமாம் அபூ ஹனீஃபாவின் பெயரால் வழங்கியது. அவருடைய மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானி சுத்தமானதே என்றார். மத்ஹபில் நிலைத்தது மாணவரின் கருத்து. ஷாஃபி நூல்களில் ஓர் அழகான விதி இருக்கிறது. முஸ்தஃமல் நீரைச் சேர்த்துக்கொண்டே வந்து இரண்டு குல்லா நிறைந்துவிட்டால், அது இழந்த தகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். நீருக்குத் திரும்பி வரும் வழியை அவர்கள் அடைக்கவில்லை.

நவீன நகரத்தின் குழாய்களில் இல்லாதது, சுத்தத்துக்கும் அசுத்தத்துக்கும் இடையிலான இந்த நடு அறைதான். அங்கே இரண்டே அறைகள்: குடிநீர், சாக்கடை. கை கழுவிய ஒரு செம்பு நீரும் மலநீரும் ஒரே குழாயில் சேர்கின்றன. சேர்ந்தபிறகு அதைப் பிரிப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவாகிறது. சுத்தமானது ஆனால் சுத்தமாக்காதது என்று ஒரு வகையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயரிட்டு ஒதுக்கி வைத்த அறிவை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அந்த அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த மார்க்க அறிஞர்கள் குழு சாக்கடை நீரைப் பற்றியே தீர்ப்புச் சொன்னது. முறையாகச் சுத்திகரித்து நிறம், சுவை, வாடை மூன்றும் மீண்டுவிட்டால் அது தூய நீர்தான், உளூவுக்கும் ஆகும். உடல்நலத்துக்குக் கேடு வரக்கூடும் என்றால் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அசுத்த நீர் பாய்ந்த பயிரை உண்ணலாமா என்பதும் பழைய விவாதம். பெரும்பான்மை அறிஞர்கள் உண்ணலாம் என்றார்கள்; மண்ணுக்குள்ளும் செடிக்குள்ளும் அது வேறொன்றாக மாறிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஹன்பலி மத்ஹப் மட்டும் தயங்கி, பிறகு நல்ல நீர் பாய்ச்சிய பின்தான் ஆகும் என்றது. கிணற்றடி வாழையின் இலையில் சோறு போட்ட தமிழ்க் கொல்லையும் அந்தப் பெரும்பான்மையும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

அப்படியென்றால் செம்பருத்தித் தொட்டியருகே எழுந்த தயக்கம் எதைப் பற்றியது? அழுக்கைப் பற்றியதா, தீட்டைப் பற்றியதா?

தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அழுக்கு பொருளில் இருப்பது. எண்ணெய், சோப்பு, கிருமி, அளக்கலாம், வடிகட்டலாம். தீட்டு உறவில் இருப்பது. யார் தொட்டது, எங்கே, எதற்குப் பிறகு என்பதை வைத்து வருவது. சிவன் கோயிலில் அபிஷேகமான நீர் கருவறையின் வடபுறக் கோமுகி வழியே விழுகிறது. பாலும் தயிரும் தேனும் திருநீறும் கலந்த நீர் அது. ஆய்வகத்தில் கொடுத்தால் நல்ல மதிப்பெண் வாங்காது. பக்தர்கள் அதைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். வைணவத்தில் ஆசாரியரின் திருவடி பட்ட நீர் ஸ்ரீபாத தீர்த்தம். நபிகள் நாயகம் உளூச் செய்து மிஞ்சிய நீரைத் தோழர்கள் எடுத்துத் தங்கள் மேனியில் தடவிக்கொண்டதை புகாரி ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. பயன்பட்டதாலேயே நீர் தாழ்ந்துவிடும் என்றால் இவற்றில் எதற்கும் பொருள் இருக்காது.

இரண்டையும் பிரித்துப் பேசுவதாலேயே சிக்கல் தீர்ந்துவிடாது என்பதைக் கங்கையில் பார்க்கலாம். வாரணாசியில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானுடவியலாளர் கெல்லி ஆலி, படித்துறை மக்கள் இரண்டு இந்திச் சொற்களைக் கவனமாகப் பிரித்துப் பேசுவதைக் குறித்திருக்கிறார். கந்தகி என்றால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு. அபவித்ரதா என்றால் புனிதக் கேடு. கங்கையில் முதலாவது இருக்கலாம். இரண்டாவது அவளை ஒருநாளும் தொடாது. பக்திக்கு இது பெரிய ஆறுதல். அதே ஆறுதல்தான் சாக்கடை கலப்பதைப் பார்த்துக்கொண்டே முழுகி எழவும் இடம் கொடுக்கிறது. வாரணாசி சங்கட மோசன் கோயிலின் மஹந்த் வீரபத்ர மிஸ்ரா இந்தப் பிளவின் நடுவில் வாழ்ந்தவர். நீரியல் பொறியியல் பேராசிரியர். தினமும் கங்கையில் நீராடியவர். 1982இல் சங்கட மோசன் அறக்கட்டளையைத் தொடங்கி, 2013இல் இறக்கும்வரை ஆற்று நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டே இருந்தார். கங்கை அசுத்தம் என்று பக்தரிடம் சொன்னால் அவர் மனம் மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். தாயின் மேல் சாக்கடையைக் கொட்டலாமா என்று கேட்டார். தீட்டின் மொழியை உதறாமல் அழுக்கின் மேல் மக்களின் கண்ணைத் திருப்ப அவர் கண்ட வழி அது.

காவிரிக்கும் இதே கதைதான். ஸ்ரீரங்கத்துக்குத் தீர்த்தமாக வந்து சேர்வதற்குள் அவள் ஈரோட்டைக் கடந்திருக்கிறாள். திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்த நொய்யலை வாங்கியிருக்கிறாள். ஆற்றில் தீட்டு இல்லை என்பதால் அதன் அழுக்கைப் பார்க்க மறுக்கிறோம். குளித்த நீரில் அழுக்கு கொஞ்சமே என்றாலும் அதில் தீட்டைப் பார்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அந்தச் சாக்கடை போய்ச் சேர்வதோ ஆற்றில். இதைத்தான் மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

தீட்டு என்ற கருத்து அழுக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊர் சாட்சி. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் அவரோடு வந்த ஆயிரக்கணக்கானோரும், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிற்பாடு ஊரின் மேல்சாதியார் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் அந்தக் குளத்தில் கொட்டி அதைச் சுத்தமாக்கியதாக அறிவித்தார்கள். மனிதர் கை பட்ட நல்ல நீரில் சாணத்தைக் கரைத்ததற்குச் சுத்தம் என்று பெயர். நீரைப் பற்றிய எந்தத் தீட்டுப் பேச்சுக்கும் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது. பயன்பட்ட நீரைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் வீடு சுத்தமாகிவிட்டது என்று நம்பும்போது, அதை ஏந்திக்கொள்ளும் தெரு எது, அடைத்த குழியில் இறங்கும் மனிதர் யார் என்ற கேள்வி நம் வாசலுக்கு வருவதில்லை. இந்தியாவில் அந்த மனிதர்கள் பெரும்பாலும் ஒரே சமூகப் படியிலிருந்து வருகிறவர்கள். 300 லிட்டரை நம் மண்ணிலேயே இறக்கிக்கொள்வது, அவர்கள் தலையில் இறங்குவதில் அவ்வளவைக் குறைப்பது.

மதத்தை விட்டுவிட்டால் தீட்டும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரம் கடும் வறட்சியில் இருந்தபோது, சுத்திகரித்த கழிவுநீரை அணையில் கலக்கலாமா என்று 2006 ஜூலையில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்தால் அந்தச் சாற்றைக் குடிக்க மனம் வராது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் சோதித்துக் காட்டினார். நீருக்கு நினைவு உண்டு என்று மனித மனம் எங்கேயும் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு சடங்கு, ஓர் இடைவெளி, ஒரு மண் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் தயாராகும் மறுசுழற்சி நீரில் குடிநீருக்கான பங்கை நேரே வீட்டுக் குழாயில் விடாமல் நீர்த்தேக்கத்தில் கலந்து, மீண்டும் சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள்.

பௌத்தத்தின் வினய நூல்கள் இந்த விஷயத்தில் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. அங்கே முதல் கேள்வி நீர் தூயதா என்பதல்ல. அதை ஊற்றினால் யாருக்குத் தீங்கு என்பது. உயிரினங்கள் இருக்கும் நீரைத் தெரிந்தே புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவது பிக்குவுக்குக் குற்றம். புத்தரின் சீடர் ஆனந்தரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியும் அந்த நூல்களில் உண்டு. கோசாம்பியின் உதேன மன்னருடைய அந்தப்புரப் பெண்கள் அவருக்கு 500 ஆடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனையை வைத்து என்ன செய்வீர் என்று மன்னர் கேட்கிறார். ஆடை நைந்த பிக்குகளுக்குக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். அது தரைவிரிப்பாகும், தரைவிரிப்பு கால்மிதியாகும், அது தூசித் துணியாகும். தூசித் துணியும் கிழிந்தால் நறுக்கி மண்ணில் குழைத்துத் தரை பூசுவோம். மன்னர் மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகள் கொடுத்ததாகக் கதை முடிகிறது. எந்தப் படியிலும் ஆனந்தர் துணியைக் கழிவு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் அதற்கு ஏற்ற வேலையைச் சொல்கிறார். அதன் கடைசி இடம் மண்.

நீருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டால், குளித்த தண்ணீரின் உண்மையான அழுக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கொல்லை வாழை குடித்தது சீயக்காயும் பயத்தமாவும் கலந்த தண்ணீர். பாத்திரம் துலக்கியது சாம்பலும் புளியும். இன்றைய சலவைத் தூளில் சோடியம் உப்புகள் ஏராளம். அவை மண்ணில் சேரச் சேர மண் இறுகி நீரை உள்ளே விடாமல் அடைக்கும். போரான் கலந்த தூள் செடியின் இலை ஓரங்களைக் கருக்கும். மெஷின் நீரில் முதல் அலசலைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு அடுத்த அலசல்களைச் செடிக்கு விடலாம். இடையிடையே நல்ல தண்ணீரோ மழையோ அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்க வேண்டும். பிடித்த நீரை ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் வைத்தால் அழுகி நாறும். குழந்தையின் மலத்துணி அலசிய நீரும் நோயாளியின் துணி அலசிய நீரும் தோட்டத்துக்கு ஆகாது. இலைமேல் தெளிக்காமல் வேர்ப்பகுதியில், முடிந்தால் மண்ணுக்கடியில் விட வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டவே வேண்டாம். சமையலறை நீரில் எண்ணெயும் பருக்கையும் அதிகம். சரளையும் மணலும் போட்ட குழியில் கல்வாழை நட்டு, அதில் வடிந்தபிறகுதான் அதைத் தோட்டத்துக்கு விடலாம். இவையெல்லாம் அழுக்கின் விதிகள். இவற்றைத் தீட்டின் விதிகளைப் போலவே கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

துளசி விஷயத்தில் இரண்டு விதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. துளசியிலை தீர்த்தத்தில் மிதந்து பச்சையாக வாய்க்குள் போவது. அதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்ற பெரியவர்களின் சொல்லை மருத்துவரும் சொல்வார். செம்பருத்தி அப்படியல்ல. வேரில் விட்ட நீர் பூவைத் தொடுவதில்லை. கிணற்றடி வாழைக்குக் கிடைத்த அனுமதி அதற்கும் உண்டு.

எல்லாவற்றிலும் எளிதாகத் தோட்டத்துக்குத் திருப்பக்கூடிய நீர் வீட்டில்கூட இல்லை, பள்ளிவாசலில் இருக்கிறது. உளூ நீரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஒருவருக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு 300 பேர் வந்தால் 900 லிட்டர். நபிகள் நாயகம் முத்து என்னும் முகத்தலளவையில் ஓர் அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், உளூவை முடித்தார் என்பது ஹதீஸ். குழாயைச் சிறிதாகத் திறப்பது முதல் கடமை. வடிந்ததைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியே பிரித்துப் பள்ளிவாசல் வளாகத்துத் தென்னைக்கோ வேம்புக்கோ விடுவது அடுத்தது. ஒரு பிளம்பரும் ஒரு நாள் வேலையும் போதும். ஜமாஅத் நிர்வாகிகள் இதை அடுத்த கூட்டத்திலேயே பேசலாம். கோமுகி நீரை நந்தவனத்துக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் தூர்ந்துகிடக்கும் கோயில்களில், அதைத் தூர்வாரித் தரும்படி அறங்காவலர்களிடம் பக்தர்கள் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சிறியது. துளசிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள். மெஷினின் இரண்டாவது அலசல் நீரைச் செம்பருத்தியின் வேரடியில் விடுங்கள். நாளைக் காலை அந்தப் பூவைப் பறித்துச் சுவாமிக்கு வையுங்கள்.